உன் தம்பியின் சட்டையில் பிழைத்தவன்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுத உட்கார்ந்தேன், இங்கே அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை, அதுவும் வேலை பார்க்கும் பஸ் பட்டறையில் யாராவது விசாரித்தால்தான் அவருக்கு வலிக்கிறது.

போன வியாழக்கிழமை மதியம் நான் பள்ளிச் சீருடைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது ஊன்றுகோலோடு ஒருவன் வாசலில் வந்து நின்றான். "அவன் பேச்சையே எங்கிட்ட எடுக்காதம்மா" என்று போனில் கத்தினாயே, அவனேதான். கடிதத்தைக் கிழிக்காமல் முழுக்கப் படி. உன் கோபம் எனக்குப் புரியாததல்ல. உன் தம்பி, நம் வாலு, காயத்தோடு ஆஸ்பத்திரிக் கப்பலில் உயிரோடு இருக்கிறான் என்று சேதி வந்து பதினொரு நாள் நாம் தலைகால் புரியாமல் ஆடினோம், நீ டிக்கெட்கூட எடுத்துவிட்டாய், கடைசியில் அது வேறு பிள்ளை, நம் பிள்ளை சேதி வருவதற்கு முன்பே கரையில் உயிரை விட்டுவிட்டான் என்றார்கள். தப்பு இவனுடையதில்லை, என் ஊசியுடையது. வாலு பள்ளிக்கூடத்தில் சட்டை சட்டையாகத் தொலைத்தவனாயிற்றே என்று, கடற்படைக்குப் போகும்போதும் கம்பளிச் சட்டையின் காலருக்குள் சிவப்பு நூலால் பெயரைத் தைத்து அனுப்பினேன். குளிரில் நடுங்கிய இவனுக்கு அவன் அதைக் கழற்றி மாட்டிவிட்டிருக்கிறான். இவன் நினைவில்லாமல் கிடந்தான், பெயர் பொறித்த கழுத்துத் தகடும் அறுந்துவிட்டது, காலரைப் பார்த்து நம் பிள்ளையின் பெயரை எழுதிவிட்டார்கள். நாம் சிரித்த அந்தப் பதினொரு நாளும் இவனுடைய அம்மா மகனைக் காணோம் என்று அழுதிருக்கிறாள்.

வாலுவின் பதினான்கு மாதச் சேவையைப் படையிலிருந்து இரண்டு வரியில் எழுதி அனுப்பினார்கள், இவன் மூன்று மணி நேரம் சொன்னான். தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் கத்தித் தெருவைக் கூட்டுகிற நம் வாலு, படகு கரையை நெருங்கியதும் முதல் ஆளாகக் கடலில் குதித்துக் கயிற்றை இழுத்துக்கொண்டு போவானாம். கரையில் இவன் காயம்பட்டு விழுந்த அன்றைக்கு இவனைத் தோளில் போட்டுக்கொண்டு, "தூங்கிடாதடா, தூங்குன, உதைப்பேன்" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்து படகில் கிடத்திவிட்டு, இன்னொருவனைத் தூக்கிவரத் திரும்பி ஓடினானாம். அவ்வளவுதான். இருபது வயதுக்குள் என்ன வாழ்ந்தான் என்று புலம்பிக்கொண்டிருந்தேன், இப்போது மனம் நிறைந்து நன்றி சொல்கிறேன், அவன் குரலைக் கேட்ட காது ஒன்று நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனது.

எட்டாம் தேதி காலை ரயிலில் கால் ஆபரேஷனுக்காக உன் ஊருக்கு வருகிறான். உன் வீட்டில் தங்கட்டும் என்று உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன், திட்டுவதானால் என்னைத் திட்டு. "அக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்" என்று தயங்கினான். அப்பாதான், "அவ கோவக்காரிதான், கல்நெஞ்சுக்காரி இல்லப்பா" என்றார்.

நீ எல்லா நலமும் பெற்று நிறைவாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே, உன் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கரையிலிருந்து படகுவரை உன் தம்பி தூக்கி வந்துவிட்டான். மூன்று மாடி உன் பங்கு.

இப்படிக்கு,
உனக்கும் வாலுவுக்கும் அம்மா