பியாஸ்தர் விழும் என்று நீ சொன்னாய்

இன்று காலை வாசலில் கிடந்த நாளிதழைப் பிரித்தபோது அச்சு மையின் வாசனை விரலில் ஒட்டிக்கொண்டது. நாட்டின் ஏற்றுமதி கூடியிருக்கிறது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே சிறிய எழுத்தில், ரூபாய் மதிப்பு சரிவு. இரண்டையும் சேர்த்துப் படித்ததும் உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது. நீ போய்ச் சேர்ந்த பிறகு இதையெல்லாம் நான் யாரிடம் பேச?

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்த கடைசி ஆண்டுகள் அவை. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிரெஞ்சு படித்த நாம் கல்யாணமான பிறகும் பிரியவில்லை. உன் அண்ணன், நீ நானா என்று அழைப்பவர், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோனில் துணிக்கடை வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் அந்தக் கடையில்தான் கணக்கு எழுதினார். கோட்டுச்சேரியில் கொஞ்சம் நிலம் வாங்குவதற்காகச் சம்பளத்தை அந்த ஊர்ப் பணமான பியாஸ்தராகவே சேர்த்து வந்தார். மொத்தமாக ஒருநாள் அனுப்பலாம் என்பது அவர் எண்ணம்.

சைகோனிலிருந்து திரும்புகிறவர்கள் கொண்டுவரும் பிரெஞ்சுப் பத்திரிகைகள் உன் வீட்டில் குவியும். மற்றவர்கள் படம் பார்ப்பார்கள். நீ துறைமுகக் கணக்கு அச்சான பக்கத்தைத்தான் தேடிப் பிரிப்பாய். எந்தச் சரக்கு எத்தனை டன் வெளியே போனது, எவ்வளவு உள்ளே வந்தது என்று பார்ப்பாய். ஒருநாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாய்.

“உன் வீட்டுக்காரரு பணத்தை அங்கேயா வச்சிருக்காரு?”

“ஆமா, ஏன்டி?”

“இப்பவே அனுப்பச் சொல்லு. பியாஸ்தர் விழப்போவுது.”

நான் சிரித்தேன். “ஒரு பியாஸ்தருக்குப் பதினேழு ஃபிராங்க்னு சர்க்காரே கொடுக்குது. அது எப்படி விழும்?”

கத்தியை வைத்துவிட்டுப் பத்திரிகையை என் பக்கம் திருப்பினாய்.

“இங்க பாரு. ஏற்றுமதி மதிப்பு ஏறியிருக்குன்னு போட்டிருக்கான். பக்கத்துல எடையைப் பாரு, குறைஞ்சிருக்கு. வெலை கூடுனதால வந்த ஏத்தம்டி இது. சண்டையில அரிசி துறைமுகத்துக்கே வரல. வாங்குற சாமானோ கப்பல் கப்பலா எறங்குது. விக்க சரக்கு இல்லாத ஊரு பணத்தை யாரு தேடி வாங்குவா? பாரீஸ்காரன் கையால தாங்கிப் பிடிச்சிருக்கான். கை வலிச்சா விட்டுடுவான்.”

நான் எழுதினேன். அவர் தயங்கினார், பிறகு அனுப்பிவிட்டார். நீயும் உன் நானாவுக்கு எழுதினாய். “நீ அடுப்பைப் பாத்துக்க, தங்கச்சி” என்று பதில் வந்தது. அதை மடித்துக்கொண்டே, “சம்பாதிச்சதெல்லாம் அங்கேயே கெடக்கே” என்று மட்டும் சொன்னாய்.

1953 மே மாதம் உன் வாப்பாவின் வானொலி அந்தச் செய்தியைச் சொன்னது. பதினேழு ஃபிராங்க் ஒரே நாளில் பத்தாகிவிட்டது. காரைக்காலை விட்டு வெளியே போகாதவள் நீ. கடலுக்கு அப்பால் ஒரு நாட்டின் நாணயம் ஆடுவதை அடுக்களையில் இருந்தபடி கண்டிருக்கிறாய்! உன் முகத்தைப் பார்த்தேன். அதில் வெற்றி எதுவும் இல்லை. “நானா என்ன பண்ணுவாரு?” என்று கேட்டுச் சுவரில் சாய்ந்துவிட்டாய்.

சில மாதங்களில் உன் நானா கடையை மூடிவிட்டு ஊர் வந்தார். சேர்த்த பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போயிருந்தது. நீ அவருக்குச் சோறு போட்டாய், பயணம் பற்றி விசாரித்தாய், வேறெதுவும் கேட்கவில்லை.

“ஒரு வார்த்தை சொல்லிக் காட்டலியேடி” என்றேன் பிறகு.

“எடை குறையுறது தெரிஞ்சுது. எந்த நாளு கையை விடுவான்னு எனக்கும் தெரியாதே. விழாமப் போயிருந்தா நான்தானே பைத்தியக்காரி?”

அந்தப் பதிலைக் கேட்டபோதுதான் எனக்கு உன்மேல் இருந்த வியப்பு மரியாதையாக மாறியது.

உள்ளூரிலேயே கடை போட நானா முடிவு செய்தபோது கூடம் நிறைய வியாபாரிகள் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு சரக்கைச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“தங்கச்சி, நீ என்னம்மா சொல்றே?”

திரைக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்றிருந்த நீ, தொண்டையைச் செருமிக்கொண்டு தெளிவாகச் சொன்னாய்: “எது எவ்வளவு வருது, எவ்வளவு போவுதுன்னு மொதல்ல கொண்டாந்து காட்டுங்க நானா. பாத்துட்டுச் சொல்றேன்.”

நாலு பேர் கூடிய இடத்தில் கேள்வி கேட்க எனக்கு இப்போதும் வாய் வராது. அப்போதெல்லாம் நீ தொண்டையைச் செருமிய அந்தச் சத்தம் காதில் விழும். கேட்டுவிடுவேன்.