லபானின் ஆறு தடங்கள்

கராமா, துபாய்
14.3.2009

அன்புள்ள பெர்சி அக்காவுக்கு,

உன் நாய் லபான் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் வாலோடும் வயிற்றோடும் சுகமாக இருக்கிறேன். மதுரை ஹாஸ்டலில் நீயும் உன் பரீட்சைப் புத்தகங்களும் சுகம்தானே?

வழக்கம்போல் நான் சொல்லச் சொல்ல அப்பா எழுதுகிறார். அப்பா தன் பெயரில் எழுதினால் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது, லபானையே எழுதச் சொல்லுங்கள் என்று இரண்டு வருடத்துக்கு முன் நீதானே உத்தரவு போட்டாய். அன்றிலிருந்து கடிதம் என் பெயரில், கடைசியில் ஸ்டாம்ப் பேடில் அழுத்தி எடுத்த என் முன்னங்கால் தடம். கவரைக் கிழித்ததும் முதலில் தடத்தைத்தான் பார்த்திருப்பாய். பார்த்தாயிற்றா? சரி, மேலே வந்து படி.

அப்பாவின் கம்பெனி மூடிய விஷயம் உனக்குத் தெரியும். கேரவனில் குடும்பத்தோடு பாலைவனம் சுற்ற வந்த வெள்ளைக்காரர்களெல்லாம் இந்தப் பொருளாதார நெருக்கடியில் காணாமல் போய்விட்டார்கள். வண்டி வாடகைக்குப் போகாத இடத்தில் வண்டிக்கு ஏசி பார்க்கிற மெக்கானிக் எதற்கு? விசாவைக் கான்சல் செய்துவிட்டார்கள். வருகிற வியாழக்கிழமை அப்பாவும் அம்மாவும் நாகர்கோவிலுக்குக் கிளம்புகிறார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் நீ போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஃபிரிட்ஜை வித்துருங்க, சோபாவை யாருக்காவது குடுத்துருங்க, லபானை மட்டும் விட்டுட்டு வந்துராதீங்கப்பா என்றாய். சரி மக்களே என்றார் அப்பா. அந்தச் சரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதற்கு முன் நான் ஊர் சுற்றிய கதையைக் கேள்.

கம்பெனியின் கடைசி கேரவனை அல் ஐனில் ஓர் அரபி தன் பேரீச்சந்தோட்டத்துக்கு வாங்கியிருந்தார். அதைக் கொண்டுபோய் விடுகிற வேலை அப்பாவுக்கு. மூன்று நாள் குடும்பத்தோடு சுற்றிவிட்டு விடட்டுமா என்று மேனேஜரிடம் கேட்டார். பதினொரு வருஷத்தில் அப்பா கேட்ட முதல் சலுகை என்பதால் அவர் மறுக்கவில்லை. போன வியாழக்கிழமைக்கு முந்தின வியாழன் கிளம்பினோம்.

வீட்டுக்குச் சக்கரம் வைத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நாயைக் கேள், அக்கா. கராமா ஃபிளாட்டில் கதவு என்றால் யாரோ போகிறார்கள் என்று அர்த்தம். அப்பா டியூட்டிக்குப் போவார், அம்மா காய் வாங்கப் போவாள், நீ ஸ்கூல் பஸ்ஸுக்குப் போவாய், ஒருநாள் பெரிய பெட்டியோடு ஒரேயடியாகப் போனாய். நான் கதவைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். இந்த வீட்டில் அப்படியில்லை. எல்லோரும் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் வீடே நகர்கிறது. யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போக வழியே இல்லை. மனிதர்கள் இதை ஏன் முதலிலேயே கண்டுபிடிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

ஃபுஜைராவில் கடலோரமாக நிறுத்தினோம். அலையை நான் விரட்டினேன், பிறகு அலை என்னை விரட்டியது. அம்மா அந்தக் குட்டி அடுப்பில் நெத்திலி பொரித்தாள். தான் மாட்டிய ஏசிக்குக் கீழே ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை என்று சொல்லி அப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். ஹத்தா மலையில் ஓர் ஆட்டை முறைத்தேன், அதுவும் என்னை முறைத்தது, இருவரும் கௌரவமாகப் பிரிந்தோம். மடக்கு மேசைக்கு அடியில் என் இடம். வண்டி நிற்கும், இறங்குவார்கள், திரும்பி ஏறுவார்கள். மூன்று நாளும் அம்மா எனக்கு மீனை இரண்டு தடவை போட்டாள். ஒரு நல்ல நாய் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இனி ஊசிக் கதை. என் வெறிநோய்த் தடுப்பூசிக்குப் போன செப்டம்பரிலேயே தேதி தாண்டிவிட்டது. இந்த வெள்ளி, அடுத்த வெள்ளி என்று அப்பா தள்ளிக்கொண்டே போனார். வெள்ளிக்கிழமைகளில் ஓவர்டைம் இருந்தது. விசா போன பிறகுதான் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஊசி போட்டு முப்பது நாள் ஆகாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்றார் டாக்டர். விசாவில் மிச்சம் இருந்தது பத்தொன்பது நாள். பிறகு தனியாக அனுப்பலாமா என்று டிராவல்ஸ் முகம்மது சித்தீக்கிடம் கேட்டார். நாய்க்குச் சொந்தக்காரரும் அதே விமானத்தில் இருக்க வேண்டுமாம். என்னை வைத்துக்கொள்ள அம்மா சபையில் சொல்லி ஆள் தேடினாள். அங்கே எல்லோருமே பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அல் ஐன் தோட்டத்தில் மரமும் ஆடும் பார்ப்பவர் சிவகங்கைக்காரர் பொன்னுச்சாமி. கேரவன் விஷயமாகப் போனில் பேசும்போதே அப்பா என்னைப் பற்றியும் கேட்டிருக்கிறார். கலங்காதீங்கண்ணே, நானும் இங்க பேச்சுத்துணைக்கு ஆளில்லாமத்தான் கெடக்கேன் என்றாராம்.

என்னைக் கட்டிப்போட அப்பா ஒரு நீலக் கயிறு வாங்கி வைத்திருந்தார். அது தேவைப்படவில்லை. தோட்டத்தில் வண்டியை நிறுத்தி அவர்கள் இறங்கினார்கள். நான் மேசைக்கு அடியில் என் இடத்தில் படுத்துக்கொண்டேன். வீடு இங்கேதானே நிற்கிறது, எங்கே போய்விடப் போகிறார்கள்? எழுந்துகூடப் பார்க்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை. டாக்ஸி துபாய் வந்து சேரும்வரை அம்மா திரும்பித் திரும்பிப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு போனாள். அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே.

பெர்சி மக்களே, இனி அப்பா எழுதுகிறேன்.

உனக்குச் சரி என்று சொல்லிவிட்டு லபானை விட்டுவிட்டு வந்தேன். ஊசியைத் தள்ளிப்போட்டது நான். அம்மாவின் பேரில் ஒரு குற்றமும் இல்லை.

இன்னொன்றும் செய்தேன். இறங்குவதற்கு முன் ஆறு வெள்ளைத் தாளில் அதன் தடத்தை எடுத்துக்கொண்டேன். நீ மே லீவுக்கு வரும்வரை வாரம் ஒரு கடிதம், லபான் ஊருக்கு வந்துவிட்டதாக, தென்னந்தோப்பில் அணில் விரட்டுவதாக எழுதிவிடலாம், உன் பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன். இன்று எழுத உட்கார்ந்தால் அது மேசைக்கு அடியில் படுத்திருந்த விதம்தான் கண்ணில் நிற்கிறது. அதை ஏமாற்றியாகிவிட்டது, உன்னையுமா என்று தோன்றியது.

நேற்று பொன்னுச்சாமியிடம் பேசினேன். நன்றாகச் சாப்பிடுகிறதாம். படுக்கை மட்டும் கேரவனில்தான். கேட்டில் வண்டிச் சத்தம் கேட்டால் போய்க் கேரவன் வாசலில் உட்கார்ந்துகொள்கிறதாம். எப்படியும் ஒருநாள் வரவழைத்துவிடுவேன் என்று எழுத வந்த கையை நிறுத்திக்கொண்டேன். இன்னொரு சரி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மிச்சம் ஐந்து தாளையும் இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். என்னிடம் இருந்தால் ஏதாவது எழுதிவிடுவேன். நீயே வைத்துக்கொள்.

கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காக்கட்டும். பரீட்சையை நன்றாக எழுது. பிறகு எனக்கும் எழுது மக்களே, திட்டியாவது எழுது.

உன் அப்பா,
ஞானசிங்

கீழே இருக்கும் தடம் மட்டும் லபானுடையது.