மெட்டோடு சேர்த்து

ஸ்ரீவில்லிபுத்தூர்,
4.6.1989

அன்புத் தம்பி சமுத்திரத்துக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம். அம்மாவுக்குக் கால்வீக்கம் வடிந்துவிட்டது. பதான்கோட்டில் வெயில் கடுமை என்று செய்தியில் சொன்னார்கள். கவனமாக இரு.

உன் அய்யனார் பாட்டுகள் விஷயமாக நேற்று ராஜபாளையம் போயிருந்தேன். எப்படிக் கேட்டாலும் கொடுத்துவிடு, ஆடிக்குள் கேசட் வந்தால் போதும் என்று எழுதியிருந்தாய். நான் அப்படிச் செய்யவில்லை. முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

கேசட் கம்பெனி வைகுண்டராஜ் மரியாதை தெரிந்தவர்தான். எட்டுப் பாட்டையும் வாசித்துவிட்டு, "வார்த்தைய மட்டும் குடுங்க டீச்சர். மெட்டு எதுக்கு? சனம் இப்ப சினிமா மெட்டுலதான் சாமி கும்பிடுது" என்றார். அதில் பொய்யில்லை. பத்திரத்தையும் நீட்டினார். திறந்த பேனாவை மூடிவிட்டேன். மெட்டோடு சேர்த்தால் எட்டும் உங்களுக்கு, இல்லாவிட்டால் ஒன்றும் கிடையாது என்றேன். அப்படியானால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். கேட்காமலே வேண்டாம் என்கிறீர்களே என்றதற்கு, "பாடிக் காட்ட ஆள் கூட்டியாந்திருக்கியளா?" என்று கேட்டார்.

நானே பாடினேன்.

நாலாவது பாட்டு. மெட்டு உச்சியில் ஆரம்பித்துப் படிப்படியாக இறங்குமே, அது. வெளியே பஸ் ஹாரன். சுருதி எங்கே போனதோ தெரியாது. இரண்டாவது சரணத்தில் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த சண்முகத்தாய் என்ற பெண், நான் விட்ட இடத்திலிருந்து அந்த மெட்டை முனகிக்கொண்டே போனாள். பிறகு, "இதுக்கு என்ன கொறச்சல் அண்ணாச்சி? டீச்சர் பாடியே நல்லாருக்கே!" என்றாள். அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது.

'பாடல், மெட்டு: சமுத்திரம்' என்று பத்திரத்தில் அவர் கையாலேயே எழுதினார். கேசட் அட்டையிலும் அப்படியே வரும். புது மெட்டைப் பாடகர்களுக்குப் பழக்குவதற்குச் செலவு அதிகமாம். அதனால் தொகை நீ எதிர்பார்த்ததைவிடக் குறைவு. சம்மதித்து, உனக்காகக் கையெழுத்திட்டேன்.

எனக்கு எப்படி அந்த மெட்டு தெரியும் என்று நீ யோசிப்பாய். நான் விடைத்தாள் திருத்தும்போதெல்லாம் அடுத்த அறையில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருப்பாய். எழுந்துபோய்க் கதவைச் சாத்துவேன். சாத்தினாலும் கேட்கத்தான் செய்தது. நீ பட்டாளத்தில் சேர விண்ணப்பம் வாங்கி வந்ததும் நான்தானே.

ஆர்மோனியத்துக்குத் துருத்தி மாற்றி வைத்திருக்கிறேன். ஆடியில் லீவு கேட்டுப் பார். கிடைக்காது என்று முதலிலேயே முடிவு செய்யாதே.

அய்யனார் துணையிருப்பார் என்று எழுதச் சொல்கிறாள் அம்மா. ஒவ்வொரு தடவையும் சொல்வாள். நான் எழுதாமலே கடிதத்தை ஒட்டிவிடுவேன். இன்று எழுதுகிறேன்.

அய்யனார் துணை.

உன் அக்கா,
அழகுத்தாய்