இடப்பக்கச் சில்லு

அன்புள்ள இஞ்சாருங்கோ,

நீங்கள் உயிரோடு இருந்தபோதும் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. இப்போது எழுதப் போனாலும் கை கூசுகிறது. அதனால் குசினியில் சமைத்தபடி கூப்பிடுவதுபோலவே கூப்பிடுகிறேன்.

நாங்கள் சுகம். நீங்கள் பார்க்காத உங்கள் மகளுக்கு மூன்று வயதாகிவிட்டது. வதனி என்று பெயர் வைத்தேன். உங்கள் நெற்றி, உங்கள் பிடிவாதம். உங்கள் வான் வண்டியை நான் விற்கவில்லை. உங்கள் கூட்டாளி றகீம்தான் துறைமுகத்திலிருந்து கந்தளாய்க்கு இப்போதும் மீன் ஏற்றி ஓடுகிறான். எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் அந்த வாடை போகாது, உங்களுக்குத் தெரியாததா?

ஆனால் சுகம் விசாரிக்க நான் எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

மீன் பெட்டி தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் விழுந்த அன்று எனக்கு எட்டு மாதம். வயிற்றுப்பிள்ளைக்காரி செத்த முகம் பார்க்கக்கூடாது என்று பெரியவர்கள் என்னைப் பக்கத்து வீட்டு அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். பறைச் சத்தம் கேட்டுத்தான் நீங்கள் வாசல் படலையைத் தாண்டுவதை அறிந்தேன். கதவில் முட்டி முட்டி அழுதேன். ஒரு சொல் சொல்லி அனுப்ப என்னை விடவில்லை.

உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை முடியுமுன்னே வலி வந்துவிட்டது. றகீமும் என் தங்கச்சி சரசுவும் என்னை வானில் ஏற்றித் தம்பலகாமத்திலிருந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். கப்பல்துறைக்குக் கிட்ட இடப்பக்கப் பின்சில்லு காற்றுப் போய்விட்டது.

அதன்பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை. சரசு சொல்லித்தான் தெரியும். அந்தச் சில்லைக் கடைசியாகப் பூட்டியது நீங்கள், இறந்த அன்று காலையில். ஒரு நட்டும் அசையவில்லை. றகீம் ஸ்பானரில் ஏறி நின்று மிதித்தான். விறகு வண்டிக்காரர் இருவர் இறங்கி வந்து மிதித்தார்கள். மிதிக்க மிதிக்க இறுகியது. நல்ல வெயில், காற்றில்லை, ஒரு காகம்கூடக் கத்தவில்லை என்கிறாள்.

"ஏலாதுக்கா. ஆரோ உள்ளுக்க இருந்து பிடிக்கிற மாதிரி இருக்கு," என்றானாம் றகீம்.

அப்போது நான் எழும்பி உட்கார்ந்தேனாம். கண் மூடியபடியே இருந்ததாம். "மற்றப் பக்கம், விசரா!" என்றேனாம்.

நான் றகீமைப் பைத்தியம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அது உங்கள் வாய்ச்சொல். நான் போத்தல் மூடியோடு மல்லுக்கட்டினால் "மற்றப் பக்கம், விசரி". அவன் எதையாவது பிழையாகத் திருப்பினால் "விசரா". அந்த வானில் இடப்பக்க நட்டுகள் எதிர்ப்பக்கம்தான் கழலும் என்பதும் உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். சில்லில் கைவைக்க எவரையாவது விட்டீர்களா? சரியான வீம்புக்காரர்.

றகீம் மற்றப் பக்கம் திருப்பினான். மூன்று பேர் மிதித்து இறுக்கிய நட்டு ஒரு கையால் கழன்றது.

ஆஸ்பத்திரியில் இறக்கிய கையோடு வதனி பிறந்தாள். இன்னும் பிந்தியிருந்தால் இரண்டு பேரும் இல்லை என்றார் டொக்டர். நீங்கள்தான் வந்தீர்கள் என்று கும்பிட்டேன். மூன்று வருசமாக அது எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

இடப்பக்கச் சில்லு என்றாலே றகீமுக்குப் பயம். கராஜில் கொடுத்துத்தான் கழற்றுவிப்பான். போன கிழமை அவசரத்தில் எங்கள் வாசலில் அவனே கழற்றப் போனான். பழக்கதோசத்தில் கை பிழையான பக்கம் போனது. வதனி படியில் இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "மற்றப் பக்கம், விசரா," என்றாள்.

ஸ்பானர் அவன் கையிலிருந்து விழுந்தது. "அல்லா அறிய, பிள்ளைக்கு முன்னால நான் அந்தக் கதையே எடுக்கயில்ல அக்கா," என்றான். சரசுவும் சத்தியம் பண்ணுகிறாள். நானும் சொன்னதில்லை. பின்னே யார் சொல்லிக் கொடுத்தது?

நேற்றுக் குசினியில் நின்று, பழைய ஞாபகத்தில், "இஞ்சாருங்கோ" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டேன். முன்னறையில் விளையாடிக்கொண்டிருந்த வதனி, "ஓம்" என்று பதில் குரல் கொடுத்தாள்.

உங்களோடு பேச எனக்கு ஆசையில்லை என்றா நினைக்கிறீர்கள்? அந்த "ஓம்" கேட்டு என் நெஞ்சு உங்களிடம் ஓடிப்போய் நின்றது உண்மை. ஆனால் பிள்ளைக்குள் நீங்கள் இருந்தால், பிள்ளை எங்கே இருப்பாள்?

இரவெல்லாம் யோசித்தேன். வேலைக்குப் புறப்படும் உங்களை ஒவ்வொரு விடியலிலும் "போயிட்டு வாங்கோ" என்றுதானே அனுப்பினேன். போகிறவரைப் பார்த்து வெறுமனே போ என்று எங்கள் சனம் சொல்லாது. கடைசி நாளும் அதையே சொன்னேன். பிறகு வேறு சொல் சொல்ல என்னை விடவில்லை. நீங்களும் சொல் தட்டாமல் வந்துவிட்டீர்கள்.

எந்த நட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று வதனிக்கு நானே சொல்லிக் கொடுப்பேன். அவளுடைய அப்பாவைப் பற்றியும் ஒன்று விடாமல் சொல்வேன். என் வாயால் சொல்வேன். இது சத்தியம்.

வாசலில் வந்து நிற்கிறேன். இந்த முறை யாரும் என்னைப் பூட்டவில்லை.

போங்கோ.

உங்கள் பெண்சாதி,
வதனியின் அம்மா