இராஜாங்கம் மூன்று தடவை சொன்னார்

வலங்கைமான்
10.3.1998

அன்பு மகள் சுடர்விழிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படி இருந்தால் போதும். உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது, அம்மா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். சம்பா அறுவடை முடிந்து, தாளடியில் தெளித்த உளுந்து பூ வைத்திருக்கிறது, பனி இருப்பதால் தண்ணீர் இல்லாமலே பிடித்துக்கொள்ளும். கறவை மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. பக்கத்து வீட்டு நாகம்மாள் மகளுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகி, நீ வருவாயா என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், நீ அனுப்பிய தைலத்தைத் தடவினால் ஒரு பொழுதுக்குக் கேட்கிறது. நீ ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்துவிடாதே, அந்த ஊர் வெயிலுக்கு வெறும் வயிறு ஆகாது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். அப்பா ஒன்பது மாதம் கழித்து அந்தமானுக்கு வந்து என் வேலைக்கு உலை வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று தம்பி உனக்கு எழுதியிருக்கிறான். என்னப்பா நடந்தது, மறைக்காமல் எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன். போன வைகாசியில் நாங்கள் உனக்கு எழுதியது உண்மை இல்லை. படகு விபத்து நடந்தது உண்மை, படகோட்டி இராஜாங்கம் செத்துப்போனது உண்மை, யாரால் என்பதில்தான் பொய். அந்தப் பொய்யில் உன் தம்பிக்கும் பங்கு உண்டு, எனக்குப் பெரிய பங்கு.

தம்பி பரிதிக்குப் போர்ட் பிளேரில் இன்ஜினியர் வேலை கிடைத்து இரண்டு வருஷம் ஆனதும், நீங்கள் ரெண்டு பேரும் ஒரு மாசம் வந்து இருங்க, ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கப்பலுக்கு டிக்கெட் எடுத்து அனுப்பினான் அல்லவா. நல்லபடியாகத்தான் வைத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலில் தூண்டில் போட அரைநாள் படகு இருக்கிறது, விடியக்காலை போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம், வாங்கப்பா என்றான். எனக்கு வாய்க்காலில் விரால் பிடித்த கை, கடலையும் பார்த்துவிடலாம் என்று ஆசை. அம்மா பயந்துகொண்டு படகில் ஏறவில்லை, துறையிலேயே உட்கார்ந்துகொண்டாள். இராஜாங்கத்துக்கு நாற்பது வயது இருக்கும். அவருடைய அப்பா ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வந்தவராம். படகில் மிதவைச் சட்டை இரண்டே இரண்டுதான் இருந்தது, எனக்கு ஒன்று, பரிதிக்கு ஒன்று மாட்டிவிட்டார். ஒங்களுக்கு என்று பரிதி கேட்டதற்கு, நான் பொறந்ததே தண்ணிக்குள்ளதான் சார் என்று சிரித்தார்.

ஒரு மணி நேரம் ஓடி, பாறைத் திட்டு ஒன்றுக்கு மேலே நங்கூரம் போட்டார். தங்கூசி நரம்பைக் கையில் கொடுத்து, இரையை எப்படிக் கோர்ப்பது, எவ்வளவு ஆழத்தில் நிறுத்துவது என்று சொல்லிக்கொடுத்தார். சுடரு, அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். பத்து மணிக்குள் ஆறு மீன் பிடித்துவிட்டேன். பிறகு ஒரு பெரிய மீன் கடித்து, விரலை அறுத்துக்கொண்டு இழுத்து, படகுக்குப் பக்கத்தில் வெள்ளையாகப் புரண்டு காட்டிவிட்டுத் தப்பிப் போய்விட்டது. அதே நேரத்தில்தான் இராஜாங்கம், ஐயா மேக்கால கறுத்துக்கிட்டு வருது, கெளம்பிடலாங்க என்றார். நான் இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம் என்றேன். கால் மணி கழித்து மறுபடியும் சொன்னார், காத்து மாறுதுங்க ஐயா, இது நல்லதில்ல என்றார். அரைநாள் என்றுதானே பேச்சு, இன்னும் பன்னிரண்டு ஆகவில்லையே, அரைமணி நேரம் இருப்போம் என்றேன். பரிதியும் என்னைப் பார்த்துவிட்டு, அப்பா ஆசைப்படுறாரு, இருக்கட்டும் என்றான். மூன்றாவது தடவை அவர் கெஞ்சுகிற மாதிரி கேட்டார். நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, தூண்டிலைப் பார்த்துக்கொண்டே, அரைமணி நேரம்னா அரைமணி நேரம்தான், பேசாம இருப்பா என்று சொன்னேன்.

அந்தக் குரல் யாருடையது என்று பிறகு எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன். சின்ன வயதில் மிராசு வீட்டு வயலில் அறுப்பு அறுக்கும்போது, வானம் இடித்துக்கொண்டு இருக்கும், குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று, இந்தத் துண்டை முடித்துவிட்டுக் கரையேறு என்பார்கள். அப்படிப் பேசக்கூடாது என்று சங்கத்தில் சேர்ந்து எத்தனை ஊர்வலம் போயிருக்கிறேன், உங்களை எப்படிப் படிக்கவைத்தேன். அறுபது வயதில் ஒருவர் என்னை ஐயா என்று கூப்பிட்டு, என் சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். எனக்கு அது பிடித்திருந்தது. மீனைவிட அதுதான் பிடித்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

மழையும் காற்றும் ஒரே சமயத்தில் வந்துவிட்டன. நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டு வரவில்லை. கயிற்றை அறுத்துவிட்டு இன்ஜினைப் போட்டார், அறுந்த கயிறு படகுக்கு அடியில் போய் இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டு இன்ஜின் நின்றுவிட்டது. அலை பக்கவாட்டில் அடிக்க ஆரம்பித்ததும், இப்படியே கெடந்தா கவுந்துரும் சார் என்று இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையைப் பரிதி கையில் கொடுத்தார், கத்தியை வாயில் கவ்வப் போனவர், என் பக்கம் திரும்பி, ஐயா சட்டை வார இறுக்கிக் கட்டிக்கிங்க என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. இரண்டு தடவை முங்கி எழுந்தார், விசிறியில் சுற்றிய கயிறு பாதி அறுந்துவிட்டது என்று கையைக் காட்டினார். மூன்றாவது தடவை எழும்போது அலை படகைத் தூக்கி அவர் தலைமேல் போட்டுவிட்டது. நானும் தம்பியும் இழுத்து மேலே ஏற்றினோம். கொஞ்ச நேரம் மூச்சு இருந்தது. என் மடியில்தான் தலை இருந்தது. மழைத் தண்ணீரும் ரத்தமும் ஒன்றாக ஓடியதில் மூச்சு எப்போது நின்றது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. உன்னைப் போல நர்ஸ் வேலை தெரிந்தவர்கள் இருந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமோ என்று நினைத்துக்கொள்கிறேன்.

எங்களைத் தேடி வேறொரு படகு வந்தது. அனுப்பியது இராஜாங்கத்தின் மனைவி தங்கமணி. துறையில் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் அவள் மீனைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தாளாம், அம்மாவுக்கு டீ கொடுத்திருக்கிறாள், பிள்ளைகளைப் பற்றி எல்லாம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வானத்தைப் பார்த்துவிட்டு, எம்புருஷன் இந்நேரம் திரும்பியிருப்பாரே, ஏதோ சரியில்ல என்று போய் ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறாள். கரைக்கு வந்ததும் அவள் படகுக்குள் எட்டிப் பார்த்தாள். அதை என்னால் எழுத முடியாது.

போலீஸ்காரர் வந்து என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பரிதி சொல்லிவிட்டான், நாங்க திரும்பிடலாம்னு சொன்னோம் சார், அவருதான் இன்னும் கொஞ்சம் மீன் கெடைக்கும்னு நிறுத்திட்டாரு என்று. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான், அந்த நேரத்தில் பயத்தில் வந்த சொல். அவனைக் குறை சொல்லாதே. என்னிடம் கேட்டபோது நான் ஆமாம் என்றேன். எழுதியதை வாசித்துக் காட்டினார்கள், கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஊருக்கு வந்த பிறகு எல்லோரும் கடலில் பிழைத்து வந்த கதையைக் கேட்டார்கள். முதலில் சுருக்கமாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல நீண்டது. தை மாதம் கொள்முதல் நிலையத்தில் நெல் போடப் போனபோது, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கூட வந்த நடராசன் கேட்கிறார் என்று சொல்லிக்கொண்டு வந்தவன், அந்த ஆளு குடிச்சிருப்பான் போலருக்கு என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. குடித்திருந்தாரா என்று யாரும் கேட்கவும் இல்லை. என் வாயிலிருந்து தானாக வந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு, நெல்லையும் நடராசனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நடந்தே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை அவளுக்கும் தெரியாது. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பொம்பள குடுத்த டீயக் குடிச்சிட்டு நான் ஒக்காந்திருந்தேன், நீங்க இத மனசுல வச்சிக்கிட்டு எங்கூட சோறு தின்னுக்கிட்டு இருந்திங்களா என்று கேட்டாள். நீங்க போய்ச் சொல்றிங்களா நான் போகவா என்றாள். சொல்லிவிட்டு முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

தம்பிக்கு முன்கூட்டியே எழுதிவிட்டுத்தான் கப்பல் ஏறினேன். துறைமுகத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போனான், தானே சமைத்துப் போட்டான். போகாதீங்கப்பா என்று இரண்டு நாள் கெஞ்சினான். எழுதிக் குடுத்தது எழுதிக் குடுத்ததுதான், இப்ப மாத்திச் சொன்னா நான் பொய் சாட்சி சொன்னேன்னு ஆயிடும், அரசாங்க வேலைப்பா, நம்ம குடும்பத்துல மொத மொதல்ல வந்த வேலை என்றான். அவன் சொன்னது எல்லாமே சரி. மூன்றாம் நாள் காலையில் அவன் ஆபீசுக்குப் போனதும் பஸ் பிடித்துத் துறைக்குப் போனேன்.

போன பிறகுதான் தெரிந்தது, அந்த விபத்துக்குப் பிறகு அந்தத் துறையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகவே கூடாது என்று தடுத்துவிட்டார்கள். இராஜாங்கத்தின் பேராசையால் எல்லோர் பிழைப்பும் போய்விட்டது என்று மற்ற படகுக்காரர்கள் தங்கமணியிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவனவன் செய்த தப்புக்கு உதவித்தொகை இல்லை என்று அவள் கொடுத்த மனுவையும் திருப்பிவிட்டார்கள். அவள் ஒரு கொட்டகையில் கூலிக்கு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, கையைக் கழுவிவிட்டு ஸ்டூலை எடுத்துப் போட்டு, அம்மா நல்லா இருக்காங்களா என்று கேட்டாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். கேட்டுவிட்டு ஸ்டூலைத் திரும்ப எடுத்து வைத்தாள். பிறகு, கெளம்பலாம்னு எத்தன தடவ சொன்னாரு என்று கேட்டாள். மூணு தடவை என்றேன். மூணு தடவ, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கடைசியா என்ன சொன்னாரு என்றாள். சட்டை வாரை இறுக்கச் சொன்னதைச் சொன்னேன்.

இங்கயே நில்லுங்க என்று சொல்லிவிட்டுப் போய்ப் படகுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பத்துப் பன்னிரண்டு பேர் வலையையும் வேலையையும் விட்டுவிட்டு வந்தார்கள். எங்கிட்ட சொன்னத இவுங்ககிட்ட சொல்லுங்க, ஒண்ணும் விடாம சொல்லுங்க என்றாள். சொன்னேன். நடுவில் நிறுத்தினேன், மிச்சத்தையும் சொல்லுங்க என்றாள், விடவில்லை. அவர்களில் எங்களைத் தேடி வந்த படகை ஓட்டியவரும் இருந்தார். அவர் மட்டும் தங்கமணி முன்னால் போய், என்ன மன்னிச்சிடும்மா, நானும் அவன ஏசிட்டேன் என்று சொல்லி அழுதார். என்னை யாரும் திட்டவில்லை, நான் அங்கே இல்லாத மாதிரி கலைந்து போனார்கள். கடைசியில் தங்கமணி என்னிடம், ஸ்டேசன்லயும் சொல்லிட்டுப் போங்க, இதுக்கப்புறம் இந்தப் பக்கம் வராதீங்க என்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கப்பலில் மூன்று நாளும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். கேட்க இடமில்லை. கேட்காமல் வந்தது நல்லதுதான் என்று இப்போது நினைக்கிறேன், அவளுக்கு அந்தப் பாரமும் எதற்கு.

ஸ்டேஷனில் திரும்ப எழுதி வாங்கினார்கள். தம்பியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், அவனும் கடைசியில் ஆமாம் என்றுதான் சொன்னான், பொய்யை இரண்டாம் தடவை சொல்லவில்லை, அதை நீ மனதில் வைத்துக்கொள். அவன் ஆபீசில் விளக்கம் கேட்டு ஓலை கொடுத்திருக்கிறார்கள். வேலை போகுமா, ஊர் மாற்றுவார்களா, இன்னும் தெரியவில்லை. எனக்கு என்ன தண்டனை என்றும் தெரியாது, எப்போது கூப்பிட்டாலும் போவேன். நான் புறப்படும் நாளில் அவன் கப்பலடிக்கு வரவில்லை. தங்கமணியின் மனுவைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதாக ஸ்டேஷனில் சொன்னார்கள், எடுத்தார்களா என்று அறிய வழியில்லை.

இதைப் படித்துவிட்டு நீ என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, எழுதிவிடு, மனதில் வைத்துப் புழுங்காதே. வீட்டில் அழுதுகொண்டு யாரும் இல்லை, அம்மா கோபமாகத்தான் இருக்கிறாள், ஆனால் நேற்று என் தட்டில் அவளாகவே இரண்டாவது கரண்டி குழம்பு ஊற்றினாள். பாஸ்போர்ட் தேதி முடிவதற்கு முன்னால் மறக்காமல் புதுப்பித்துக்கொள். கண்ணும் கருத்துமாக வேலை பார், உன் கையால் பிழைக்கிறவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும், நீயும் நீண்ட நாள் நல்லபடியாக இரு.

ஒன்றே ஒன்று, இதை மட்டும் தள்ளிப்போடாதே. தம்பிக்கு ஒரு கடிதம் எழுது. அப்பா செய்தது சரி என்றும் எழுத வேண்டாம், தப்பு என்றும் எழுத வேண்டாம். வேளைக்குச் சாப்பிடுகிறானா, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறான் என்று மட்டும் கேட்டு எழுது. உன் கையெழுத்தைப் பார்த்தால் பிரிப்பான். நான் போட்டது பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டது.

உன் அப்பா
வைரக்கண்ணு