கோபப்படாத டீச்சர்

ஜனவரி 6, 2025. திங்கள்

மலைப்பாதை வளைவில் மரம் சாய்ந்து கிடந்தது. கார்கள் நகரவேயில்லை. சிரம்பானில் காலேஜுக்குள் நுழையும்போது முதல் வகுப்பு பாதி போய்விட்டது.

புதிய செமஸ்டர். புரோகிராமிங் முதல் பாடம். லூப் என்றால் என்ன என்று கேட்டேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள், மீதிப் பேர் தோட்டத்தை விட்டு டவுனுக்குப் போனவர்களின் பிள்ளைகள். அதனால் வழக்கம்போல் தோட்டத்துக் காலை ஆள் கணக்கெடுப்பில், பெரட்டில் ஆரம்பித்தேன். விடியற்காலையில் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுகிறார். ஆள் வந்திருந்தால் ஒரு கோடு, வராவிட்டால் சுழி. பேர் தீரும்வரை அதே வேலை. "இதான் லூப். ரொம்ப ஈசி லா" என்றேன்.

பின் வரிசையில் முக்காடு போட்ட பெண் ஒருத்தி கை தூக்கினாள். "நிறுத்துன்னு யாரும் சொல்லலன்னா அவரு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாரா டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. முடியாமல் ஓடும் லூப் என்று அடுத்த வாரம் நான் சொல்லித்தர வேண்டியதை அவளே கண்டுபிடித்துவிட்டாள். பெயர் அஃப்ரின். கோலா பிலாவில் அவளுடைய அத்தா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்.

நல்ல நாள். வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். ஆலையில் இரண்டு ஷிப்டு பார்த்துவிட்டு வந்த மனுஷன், கேட்டுக்கொண்டே தூங்கிப்போனார்.

பிப்ரவரி 19. புதன்

சசிதரன் கூப்பிட்டனுப்பினான். கெமாஸ்காரன், என்னைவிட இளையவன், இப்போது துறைத் தலைவர். அறைக்குள் வேறு யாரும் இல்லையென்றால் இன்னும் "தனாக்கா" என்றுதான் கூப்பிடுகிறான்.

"உங்க கிளாஸ் முழுசையும் ரெக்கார்ட் பண்ணிடலாம்கா. வர முடியாத பிள்ளைங்க வீட்டுலேருந்து பாக்கட்டும். உங்கள மாதிரி யாரும் சொல்லித் தர்றதில்ல. பிள்ளைங்களே சொல்றாங்க."

சந்தோஷமாக இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்? மிகச் சந்தோஷமாக இருந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். நாளைக்கு ரெக்கார்டிங்குக்கு அந்தப் பச்சைச் சேலை.

மார்ச் 14. வெள்ளி

சுகுமாறன் கொண்டுவந்த அசைன்மென்ட் கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு பிசிறு இல்லை. நடுவில் ஒரு வரியைக் காட்டி, "இது என்ன செய்யுது?" என்று கேட்டேன்.

"தெரியல டீச்சர். ஆனா ஓடுது."

"யார் எழுதுனது?"

"ஏ.ஐ.தான். வேலைக்குப் போனா அதத்தான் யூஸ் பண்ணச் சொல்லப் போறாங்க. இங்க மட்டும் ஏன் கூடாது?"

அவன் திமிராகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான். எனக்கு உடனே பதில் வரவில்லை. வராததால் கத்திவிட்டேன். தாளைத் தூக்கி மேசையில் போட்டேன். "ஓடுதுன்னா போதுமா? நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரியில ஓடி, மருந்தளவ மாத்திக் குடுத்தா? அப்பவும் தெரியலன்னு சொல்வியா?"

சாயங்காலம் ஆசிரியர் கூட்டத்தில் இதே பேச்சு. தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது என்றான் சசிதரன். செண்டாயான் பக்கம் வரும் கம்பெனிகள் எல்லாம் இதைத்தான் கேட்கின்றனவாம். "கால்குலேட்டர் வந்தப்பவும் இப்படித்தான் பயந்தாங்க."

இருக்கலாம். ஆனால் தானாக ஒரு தப்பு செய்து, அதோடு மல்லுக்கட்டி, தானே திருத்தாத பிள்ளைக்கு அடுத்தவர் தப்பு எப்படிக் கண்ணில் படும்? கூட்டத்தில் இதைக் கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்துதான் வார்த்தை வருகிறது.

ஜூன் 30. திங்கள்

மண்டபத்தில் பெரிய திரை. வெளியூரிலிருந்து பிரமுகர்கள், பின் வரிசைகளில் மாணவர்கள். கோட்டு போட்டுக்கொண்டு சசிதரன்.

திரையில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பொம்மை உருவம். வாயைத் திறந்தது.

"வணக்கம் பிள்ளைங்களா. பசியாறிட்டீங்களா?"

என் குரல். நான் தினம் வகுப்பைத் தொடங்கும் சொற்கள். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பொம்மையிடம் யாரோ லூப் பற்றிக் கேட்டார்கள். பெரட்டைச் சொன்னது. மண்டோரைச் சொன்னது. "ரொம்ப ஈசி லா" என்றது. கைதட்டல் அடங்கவில்லை.

நானும் தட்டினேன். கை தானாகத் தட்டியது.

ஜூலை 8. செவ்வாய்

அடுத்த செமஸ்டருக்கு என் கான்ட்ராக்ட் இல்லை.

ஜூலை 10. வியாழன்

நேற்று பேனாவை எடுக்கவே மனம் வரவில்லை.

இன்று சசிதரன் அறைக்குப் போனேன். வேலை போனால் போகட்டும், என் குரலை எடுத்துவிடு என்றேன். வேறு யார் குரலையாவது போட்டுக்கொள்.

ஜன்னலைப் பார்த்தபடியே பேசினான். "நீங்கதானே சைன் வெச்சீங்க தனாக்கா."

"ரெக்கார்டிங்குக்குத்தான் வெச்சேன்."

"அதுலயே எல்லாம் இருக்குக்கா. நான் மேலேருந்து சொல்றத செய்யுறேன். அடுத்த வருசம் நானும் இருப்பேனான்னு எனக்கே தெரியாது."

அதைச் சொல்லும்போது அவன் முகம் உண்மையாகவே வெளிறித்தான் இருந்தது. எனக்கு இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தின் மேல் இன்னும் கோபமாக வருகிறது. இவன் முதன்முதலாக வகுப்பெடுக்கப் பயந்து கழிவறைப் பக்கம் போய் நின்றபோது, தண்ணீர் கொடுத்து உள்ளே அனுப்பியவள் நான்.

ஆகஸ்ட் 17. ஞாயிறு

சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் மாதவியின் அறையிலிருந்து என் குரல் கேட்டது.

கை அப்படியே நின்றது. நான் இங்கே நிற்கிறேன். அங்கே நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

காலேஜ் விளம்பரத்துக்காகச் சுற்றுவட்டார இடைநிலைப்பள்ளிகளுக்கு அதை இலவசமாகக் கொடுத்திருக்கிறார்களாம். மாதவிக்கு இந்த வருஷம் எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வு. கணினி அறிவியல் எடுத்திருக்கிறாள். உள்ளே போனேன். சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் வீட்டுலதானே இருக்கேன். என்கிட்ட கேட்டா என்ன?"

தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு சொன்னாள்: "அது கோவப்படாதும்மா."

திரும்பி வந்தேன். மீனைப் பொரித்தேன். மூவரும் சாப்பிட்டோம்.

உண்மைதானே. நான் கோபப்படுகிறவள். சுகுமாறனிடம் கத்தினேன், மாதவியிடமும் கத்தியிருக்கிறேன். பிள்ளை புரியவில்லை என்று சொல்லும்போது எனக்குப் பதற்றம் வரும், அது கோபமாக வெளியே வரும். என்னிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அதை மட்டும் கழித்துவிட்டார்கள். என்னைவிட நல்ல ஒருத்தியைச் செய்துவிட்டார்களோ?

செப்டம்பர் 5. வெள்ளி

தொழிலாளர் விவகாரம் பார்க்கும் அலுவலகத்துக்குப் போய்வந்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒப்பந்தத் தவணை முடிந்தால் முடிந்ததுதானாம். குரல் பற்றிக் கேட்டேன். அந்தப் பெண் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார். அப்படி ஒரு புகாரை இதுவரை யாரும் கொண்டுவந்ததில்லையாம்.

செப்டம்பர் 21. ஞாயிறு

அஃப்ரின் வந்தாள்.

பெரிய ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, செம்பனைக் காட்டு வழியாக அந்த வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். கையில் லேப்டாப் பை, கடையிலிருந்து ஒரு பொட்டலம் பிரியாணி. முகம் சிவந்து கிடந்தது.

"டீச்சர், ப்ராஜெக்ட் எங்கயோ தப்பா இருக்கு. எங்கன்னு தெரியல. அது கிட்ட காமிச்சா எல்லாத்துக்கும் 'நல்லா இருக்கு அஃப்ரின், அருமை'ன்னுதான் சொல்லுது. நீங்கன்னா திட்டியிருப்பீங்க. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்க வேண்டும். தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும்.

நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். "அதான் நான் உன் போன்லயே இருக்கேனே. அதுகிட்டயே கேளு. அது நல்லவ, கோவமே வராது."

"டீச்சர்..."

"எனக்கு சம்பளம் குடுக்கறத நிறுத்திட்டாங்க அஃப்ரின். நீங்கல்லாம் ஒரு வார்த்த கேட்டீங்களா? எல்லாரும் கை தட்டுனீங்க."

அவள் பொட்டலத்தைப் படிக்கட்டில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

கை தட்டியவர்களில் நானும் இருந்தேன். அதைப் பிறகுதான் நினைத்தேன்.

செப்டம்பர் 22. திங்கள்

மாதவி சொன்னாள்: "அந்த அக்கா வாசல் கேட் பக்கத்துல நின்னு அழுதுச்சும்மா. நான் பாத்தேன்." சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

போன் பண்ணலாம். நம்பர் இருக்கிறது. பண்ணவில்லை. ஏன்? என்ன வீம்பு இது?

அக்டோபர் 20. திங்கள்

தீபாவளி. முறுக்கு சுட்டேன். பழைய மாணவர்கள் யாரும் வரவில்லை.

நவம்பர் 30. ஞாயிறு

நாளையிலிருந்து தோட்ட ஆபீசில் கிராணி வேலை, கணக்கெழுதும் குமாஸ்தா. இவர் ஆலை மேனேஜரிடம் பேசிப் பிடித்த வேலை. எத்தனை செம்பனைக் குலை அறுத்தார்கள், எந்த லோரியில் ஏற்றினார்கள் என்பதைத் தட்டிப்போட வேண்டும். முதுகலைப் பட்டம் இதற்கு வேண்டியதில்லை. அதை விண்ணப்பத்தில் போட வேண்டாம் என்று இவரே சொன்னார். போட்டால் யோசிப்பார்களாம்.

"கொஞ்ச நாளைக்குத்தான் தனம்" என்றார். அவர் அதை நம்பவில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் விண்ணப்பித்த மற்ற காலேஜ்கள் எதுவும் பதில் போடவில்லை. ஒரே ஓரிடத்தில் மட்டும் ஒரு பெண் போனில் பேசினாள். அவர்களும் இதே மாதிரி ஒன்றை வாங்கப் போகிறார்களாம். "உங்க குரலு எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு மிஸ்" என்றாள்.

ஜனவரி 12, 2026. திங்கள்

ஆபீஸ் வேலையாகக் கோலா பிலா போனேன். அஃப்ரின் கடைக்குப் போக வேண்டும் என்று திட்டமிடவில்லை. திட்டமிடவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு, கடைக்கு முன்னால்தான் காரை நிறுத்தினேன்.

கல்லாவில் அவள்தான் இருந்தாள். திங்கட்கிழமை, காலேஜ் நேரம்.

எழுந்து வந்து, "உக்காருங்க டீச்சர், தே தாரிக்கா?" என்றாள். நுரை பொங்கும் பால் தேநீரை அவளே கொண்டுவந்து வைத்தாள். முகத்தில் கோபத்தைத் தேடினேன். இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"படிப்பு?"

"நிறுத்திட்டேன் டீச்சர். ப்ராஜெக்ட்ட விளக்கச் சொல்லி எதிர்ல உக்கார வெச்சு கேட்டாங்க. எது ஏன் தப்பா வருதுன்னு எனக்கு சொல்லத் தெரியல. ஃபெயில். அத்தாவுக்கும் முன்ன மாதிரி நின்னு வேல பாக்க முடியல. பரவால்ல லா."

"மறுபடி எழுதலாமே. நான் சொல்லித் தர்றேன். வாரா வாரம் இங்கயே வர்றேன்."

"வேணாம் டீச்சர். எனக்கு மூள பத்தல. அவ்வளவுதான்."

"அப்படிச் சொல்லாத. நான் பாடம் நடத்துன பிள்ளைங்கள்ல நீ ரொம்ப நல்லா வந்திருக்க வேண்டியவ. உனக்கு நல்லா வருது அஃப்ரின்."

அவள் சிரித்தாள். சாதுவான சிரிப்பு. பெரியவர்கள் ஆறுதல் சொல்லும்போது பிள்ளைகள் மரியாதைக்குச் சிரிக்கும் சிரிப்பு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதே குரல்தான் அவளிடம் ஒரு செமஸ்டர் முழுவதும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. இனி இந்தக் குரல் என்ன சொன்னாலும் அவள் நம்பப் போவதில்லை.

அவள் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

ஜனவரி 13. செவ்வாய்

சசிதரனுக்கும் வேலை போய்விட்டதாம். யாரோ வாட்ஸாப்பில் போட்டிருந்தார்கள். சந்தோஷப்படலாம் என்று உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை.

ஏப்ரல் 5. ஞாயிறு

மாதவிக்குக் கணினி அறிவியலில் ஏ பிளஸ். பள்ளியில் எல்லாரும் கம்ப்யூட்டர் படிப்புக்குப் போடச் சொல்கிறார்களாம். இவர் ஆலையில் எல்லாருக்கும் பலகாரம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

இன்று மேல்படிப்புக்கு விண்ணப்பிக்க லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முதல் தேர்வு நர்சிங் என்று போட்டாள். இரண்டாவதும் நர்சிங், வேறு ஊரில்.

"கம்ப்யூட்டர்?"

"வேணாம்மா."

"உனக்குப் புடிக்குமே."

"புடிக்கும்தான்." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஊசி போட ஆள் வேணும் லா. அத மிஷின்கிட்ட குடுக்க மாட்டாங்க. உங்களையே வேணாம்னுட்டாங்களேம்மா."

குத்தலாகச் சொல்லவில்லை. யோசித்து எடுத்த முடிவு அது. நான் எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்டு வாங்க முயன்ற அந்தத் தெளிவு, வரிக்கு வரி காரணம் தெரிந்த தெளிவு, அவளிடம் இருந்தது.

"நல்ல படிப்புதான்" என்றேன்.

அவள் தட்டிக்கொண்டே போனாள். அப்பா பெயர், அப்பா வேலை, அம்மா பெயர். அடுத்த கட்டத்தில் விரல்கள் பழக்கத்தில் 'விரிவுரையாளர்' என்று அடித்துவிட்டன. நின்றாள். என்னைப் பார்க்காமல், ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

"என்ன போடறதும்மா?"

"கிராணின்னு போடு."

போட்டாள். அடுத்த பக்கத்துக்குப் போனாள்.