அரண்மனைக் கோபுரத்தில் பிறந்தவள்

அக்கா,

நேற்று செண்பகப் பூ வாசம் என்னை நடுவழியில் நிறுத்திவிட்டது. குவாலா கங்சார் அரண்மனை வேலியோரத்து மரம் இன்னும் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது. என் மகள் பாப்பா கையை உதறிக்கொண்டு உதிர்ந்த பூக்களைப் பொறுக்க ஓடினாள். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு அந்தப் பக்கம் போக எனக்கு மனமே வரவில்லை. நேற்றுதான் போனேன்.

ரப்பர் தோட்டத்தில் வேலையில்லாத நாட்களில் நாம் இருவரும் அங்கே நடந்து வருவோமே. மசூதியின் பொன்னிறக் கும்மட்டத்தைப் பார்த்துவிட்டு, அரண்மனை வளாகத்துக் கோபுரத்தை வேலிக்கு இப்பால் நின்று அண்ணாந்து பார்ப்போம். கீழே கல், மேலே மரம், நான்கு பக்கமும் சன்னல்.

"மேல ஏறி நின்னா ஆறு எங்க வளையுதுன்னு தெரியும்டீ."

"நம்மள யாரு உள்ள விடுவா?"

"கேட்டாத்தானே தெரியும்" என்பாய். ஆனால் கேட்க மாட்டாய். சிரித்துக்கொண்டே திரும்பிவிடுவோம்.

பிறகு அந்த வெள்ளம் வந்தது. என் வீட்டுக்காரர் தண்டவாள வேலைக்குத் தைப்பிங் பக்கம் போயிருந்தார். விடிந்ததும் ஆற்றுத் தண்ணீர் நம் லயத்து வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. சட்டிபானையோடு எல்லோரும் அரண்மனை மேட்டுக்கு ஓடினார்கள். நான் முதல் மாட்டுவண்டியிலேயே ஏறிப் போய்விட்டதாக அவர்கள் நினைத்திருக்கிறார்கள். நானோ நிறைமாதம், இடுப்பு வலி கண்டு கட்டிலில் கிடந்தேன். கூப்பிட்டால் கேட்க ஆளில்லை. கட்டிலுக்கடியில் செம்பு மிதந்து மிதந்து சுவரில் முட்டிக்கொண்டிருந்தது.

அப்போது நீ இடுப்பளவு தண்ணீரில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாய்.

"அக்கா, நீ இன்னும் போவலையா?"

"இப்பத்தான்டி கெளம்புறேன். தனியாப் போவப் பயமா இருக்கு. எந்திரி, தொணைக்கு வா."

என் கையை எடுத்து உன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாய். வலி வந்தபோதெல்லாம் நீயும் நின்றாய். மேடு ஏறியதும் மழை இன்னும் வலுத்தது. மரத்தடியெல்லாம் சனம். நீ நேரே கோபுரத்துக்கு என்னை நடத்திப் போனாய். வயதான மலாய்க் காவலாளி வாசலில் கையை விரித்து மறித்தார்.

"தாக் போலே, கூடாது. இது ராஜா இடம்."

"பாக்சே, பெரியவரே, ராஜாவையும் ஒரு பொம்பளதானே பெத்தா? அனாக் மாவ் கெலுவார்! புள்ள வெளிய வரப்போவுது, கதவத் தெறங்க!"

பாதி தமிழும் பாதி மலாயுமாக நீ கத்தியதைக் கேட்டு, அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் உன் முகத்தையே பார்த்தபடி நின்றார். பிறகு தாழ்ப்பாளை எடுத்தார். அரண்மனைச் சமையற்கட்டிலிருந்து ஒரு மலாய் அம்மாள் வெந்நீரும் துணியும் கொண்டு ஓடி வந்தாள். அவள் மொழி அப்போது எனக்குப் புரியவில்லை. உன் மடியில் தலை வைத்துக்கொண்டு பாப்பாவைப் பெற்றேன். "ராஜா வீட்டுல பொறந்தவ, இனி நம்ம மதிப்பாளா?" என்று குழந்தையின் காதில் சொன்னாய்.

அதற்குப் பிறகு உன்னை எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்! ஊரே ஓடிய பிறகு தூங்கி எழுந்து கிளம்பியவள், தனியாக நடக்கப் பயந்தவள் என்று லயத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பேன். நீயும் சேர்ந்து சிரிப்பாய். ஒரு நாளும் மறுத்ததில்லை.

நேற்று அந்தக் காவலாளி என்னை அடையாளம் கண்டு எங்களைக் கோபுரத்தடிக்கு அழைத்தார். "உன் அக்கா எங்கே?" என்று மலாயில் கேட்டார். நீ காய்ச்சலில் போனதைச் சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"அன்றைக்கு முதல் ஆட்களோடேயே அவள் மேலே வந்துவிட்டாள். கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். பிறகு மூட்டையை என் காலடியில் போட்டுவிட்டு இறங்கினாள். போகாதே, செத்துப்போவாய் என்றேன். என் தங்கச்சி கீழே இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு ஓடினாள். திரும்பி வருவாள் என்று நான் நினைக்கவில்லை. உயிரோடு வந்து நின்றவளிடம் கதவைத் திறக்க முடியாது என்று எப்படிச் சொல்வேன்?"

அக்கா, கோபுரத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் வாய்ச்சாலகம்தான் கதவைத் திறக்க வைத்தது என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். பயம் என்றாயே, அது உன்னைப் பற்றிய பயமே இல்லையே.

திரும்பும் வழியில் பாப்பா கேட்டாள், "அந்தத் தாத்தா யாரச் சொன்னாரு?"

"ஒன் பெரியம்மாவ."

கப்பலேறி வந்த நாளிலிருந்து எனக்கு இங்கே பிறந்த வீடு இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு ஊர்க்காரியான உன்னை அக்கா என்று அழைத்ததும் வெறும் வழக்கத்தால்தான். ஒரே லயம், பக்கத்துக் கதவு, வயதில் மூத்தவள். நீயோ வெள்ளத்துக்கு முன்னால் நின்று என்னைத் தங்கச்சி என்று ஓர் அந்நியரிடம் சொல்லியிருக்கிறாய். இனி யாராவது கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டால், ஒருத்தி இருந்தாள் என்று சொல்வேன்.